நாற்பது கிலோ பிரேக்

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்த போல்ட்டை அப்புறம் கழற்றிக்கொள்ளலாம். முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி. மணி பதினொன்று ஐந்து. நேரம் இருக்கிறது.

நீங்கள் வாங்க வந்த இந்த ரேஸ் கேம் செட்டில், ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டரிலும் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கிற பிரேக் பெடலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், நீங்கள் வீட்டுக்குப் போய் டிவியில் மாட்டி, ரேஸ் காரை ஓட்டி, முதல் வளைவிலேயே மணலுக்குள் இறங்கி, கிழவன் கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைப்பீர்கள். கெட்டுப்போகவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் பிரேக் செக்‌ஷனில் இருந்தவன் நான். பிரேக் விஷயத்தில் பொய் சொல்லமாட்டேன்.

சாதாரண கேம் பெடல் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று பார்க்கும். இது எவ்வளவு கனமாக மிதிக்கிறோம் என்று பார்க்கும். உள்ளே எடை பார்க்கிற சாமான் ஒன்று இருக்கிறது. எத்தனை கிலோ மிதித்தால் முழு பிரேக் என்று டிவியில் நாமே வைக்கலாம். கடையிலிருந்து வந்தபோது நாற்பது. இப்போதும் நாற்பதில்தான் இருக்கிறது. இடையில் கொஞ்ச காலம்தான் நாற்பதில் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இது என் மகள் வாங்கியது. கோகிலவாணி. முப்பத்தாறு வயது. ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள், ஏழு வருஷம், பதினான்கு பிள்ளைகள். பிள்ளைகளெல்லாம் வேன் அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் அம்மா போய் ஆறு வருஷம். கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் வாணி இங்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு வராது தம்பி. எண்ணிக்கை வரும். நான் பேசுவதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஆனால் வெளியாட்களிடம் வருகிற பேச்சு வீட்டில் வருவதில்லை.

போன ஜூன் மாதம் ஸ்கூட்டியில் போனவளை ஒரு டெம்போ இடித்துவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே நரம்பு அடிபட்டுவிட்டது. நடக்க முடிகிறது, கொஞ்சம் இழுத்து. ஆனால் பாதத்தை ஊன்றி அழுத்த வலு இல்லை. வலது பாதம் தம்பி. பிரேக் மிதிக்கிற பாதம். வேன் சொந்தக்காரர் நஞ்சப்பன் நல்ல மனுஷன், பொங்கல் வரைக்கும் அவள் இடத்தை வேறு ஆளுக்கு நிரந்தரமாகக் கொடுக்கமாட்டேன் என்றார். அந்த வேன்தான் அவளுக்கு எல்லாம். அது இல்லாமல் போனால் என்னோடு இந்த இரண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னோடு உட்கார்ந்திருப்பது ஒன்றும் பெரிய சுகமில்லை என்று எனக்கே தெரியும்.

பிசியோதெரபி அம்மா வாரம் மூன்று நாள் வரச் சொன்னார். வீட்டிலும் எதையாவது மிதித்துக்கொண்டே இரு என்றார். வாணி தலையணையை மிதித்துப் பார்த்தாள், சுவரை மிதித்துப் பார்த்தாள், அலுத்துப்போய்விட்டது. அப்புறம் அவளாகவே தேடிப் பிடித்து இதை வாங்கினாள். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வந்து இறங்கியது. நீங்கள் தொட்டுப் பார்க்கிறீர்களே அந்தச் சீட்டு, அது பழைய ஆம்னி வேனின் சீட்டு. ஆங்கிள் கம்பியில் ஸ்டாண்டு நான் அடித்தது.

முதல் நாள் அவள் மிதித்தது பதினொரு கிலோ. திரையில் சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறும். கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது.

அந்த கேமில் ஒரு ரோடு. ஒரு கிலோமீட்டர் நேராகப் போகும், கடைசியில் வலது பக்கம் கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னால் இருநூறு, நூற்றைம்பது, நூறு, ஐம்பது என்று மீட்டர் பலகைகள். அவள் இருநூறிலேயே மிதிப்பாள். அப்படியும் கார் நிற்காது. மணலுக்குள் போய்ப் புதைந்துவிடும். முதல் நாள் முப்பத்திரண்டு தடவை ஓட்டினாள், இருபத்தொன்பது தடவை மணல். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "என்னங்கப்பா பின்னாடி நின்னு முணுமுணுன்னு எண்ணிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. நீ மிதிக்கறதுல இருந்து வண்டி நிக்கற வரைக்கும்."

"எத்தனை?"

"ஏழரை செகண்டு."

"அது அதிகமா?"

"பஸ்ஸுக்கே அதிகம்" என்றேன்.

சிரித்துவிட்டாள் தம்பி. அவள் அம்மா போனதற்கு அப்புறம் என் பேச்சுக்கு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் வாசலில் நிற்கவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த கேமில் பிரேக்குக்கு என்னென்ன மாற்றலாம் தெரியுமா? முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். பிரேக் பேட் மாற்றலாம். டயர் மாற்றலாம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அவள் வாசிப்பாள், நான் சொல்வேன். முன் சக்கரத்துக்கு நூற்றுக்கு அறுபது என்று இருந்தது. மிதித்தவுடன் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே ஓடுகிறது. ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தோம், பின்பக்கம் வாலை ஆட்டியது. ஐம்பத்தேழில் சரியாக நின்றது. முதலில் கனமாக மிதி, வளைவு ஆரம்பிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடு என்று சொன்னேன்.

"டெப்போல பஸ்ஸுக்குச் சொல்ற மாதிரியே சொல்றீங்க. இது எரநூறு கிலோமீட்டர் வேகத்துல போற காருங்கப்பா."

"எந்த வேகத்துல போனாலும் நிக்கறது நாலு சக்கரத்துலதான் அம்மிணி."

"பெரிய ரேஸ்காரரு" என்று என் தோளில் இடித்தாள்.

காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் வளைவு முடிந்ததும், "எத்தனைங்கப்பா?" என்பாள். நான் சொல்வேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை "எத்தனைங்கப்பா?" அறுபத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று நினைக்கவே இல்லை. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்றைக்கு அவள் அதிகமாக மிதித்த கிலோவை எழுதி வைப்பேன். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு. செப்டம்பர் பத்தாம் தேதி பத்தொன்பது கிலோ. இருநூறு பலகையிலிருந்து நூற்றைம்பதுக்கு வந்துவிட்டாள். இவ்வளவும் அவள் கால் செய்தது. அதில் என் கை இல்லை.

அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

பத்தொன்பது. மறுநாள் பத்தொன்பது. பதினெட்டரை. பத்தொன்பது. ஒன்பது நாள் தம்பி. ஒன்பதாம் நாள் அவள் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "கால் அவ்வளவுதாங்கப்பா. நின்னு போச்சு" என்றாள். எத்தனை என்று கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் டிவியைப் போடவில்லை. அந்தச் சாயங்காலம் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது. பழையபடி இருந்தது. அவ்வளவுதான்.

டெப்போவில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. டிரைவர் வண்டியை விட்டு இறங்கும்போது நோட்டில் எழுதுவார், பிரேக் ஹார்ட், மிதிக்கக் கனமாக இருக்கிறது என்று. நாங்கள் போய் மிதித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அவருக்கு வயதாகியிருக்கும், முழங்கால் தேய்ந்திருக்கும். ஆனால் அதை நாங்கள் சொல்வதில்லை. நான் சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன் சொன்னார், "டிரைவர் காலைப் பத்தி நமக்குப் பேச்சே கிடையாது. வண்டியைத் தொடு. வண்டிதான் அவரு காலுக்கு வரணும்." முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு டிரைவரும் என்னிடம் சண்டை போட்டதில்லை.

மறுநாள், செப்டம்பர் பத்தொன்பது, காலையில் அவள் குளிக்கப் போனாள். நான் டிவியைப் போட்டு, எத்தனை கிலோவுக்கு முழு பிரேக் என்று வைக்கிற பக்கத்தைத் திறந்தேன். இங்கிலீஷ் வராவிட்டாலும் திரையில் இருக்கிற படங்களை வைத்து இடம் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன். நாற்பதை முப்பத்தெட்டு ஆக்கினேன். இரண்டே கிலோ.

குளித்துவிட்டு வந்தவளிடம், "ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு" என்றேன். ஓட்டினாள். சிவப்புக் கோடு ஒரு நூல் மேலே ஏறியது. வண்டி கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

"எத்தனைங்கப்பா?"

"நேத்தைக்குத் தேவலை" என்றேன். பொய்யில்லை. வண்டி நேற்றை விட நன்றாகத்தான் நின்றது.

நாலு நாளுக்கு ஒரு தடவை இரண்டு கிலோ. அவசரப்படவில்லை. முப்பத்தாறு, முப்பத்திநாலு. அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி இருபது. மொத்தம் பத்துத் தடவை. அன்றைக்குக் கோடு ஏறக்குறைய உச்சிக்குப் போய்விட்டது. தொண்ணூற்றைந்து மீட்டரில் மிதித்து வளைவில் வழுக்காமல் திரும்பினாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினாள். நாற்பது கிலோ மிதித்துவிட்டோம் என்று அவளுக்கு நினைப்பு.

அதற்கு நடுவில், அக்டோபர் முதல் வாரம், பிசியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "இங்கேயே இவ்வளவு நல்லா வருதே, எதுக்குங்கப்பா ரெண்டு பஸ் மாறி நொண்டிட்டுப் போகணும்?" என்றாள். நானும் சரி விடு அம்மிணி என்றேன். போகிற நாளில் காலை நேரம் முழுக்கப் போய்விடும். இங்கே உட்காரவே முடியாது. டாக்டர் இப்போது சொல்கிறார், அந்த இரண்டு மாதம்தான் நரம்புக்கு முக்கியமான காலம், ஏன் விட்டீர்கள் என்று. அவருக்கென்ன, சொல்வார். ஒன்பது நாள் பத்தொன்பதிலேயே நின்றதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. நஞ்சப்பனிடம் பேசி, ஸ்கூல் கிரவுண்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று இவளே ஏற்பாடு செய்துவிட்டாள். பயந்தேனா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். அந்த வேனை நன்றாக நிறுத்த இருபத்தைந்து கிலோ மிதித்தால் போதும், அது எனக்குத் தெரியும். இவளிடம் பத்தொன்பது இருக்கிறது. ஆறு கிலோதானே குறைகிறது? நிஜ ரோட்டில் ஒரு பயம் வந்தால் கால் தானாக அந்த ஆறு கிலோவைக் கொண்டுவந்துவிடும். எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள் அல்லவா? அவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பியிருந்தாள். காலையில் எனக்குத் தோசை வார்த்தாள். சுண்ணாம்புப் பொடி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டிய கோட்டை நானே போட்டேன். வளையாமல் போட்டேன்.

முப்பது கிலோமீட்டர் வேகம்தான். உள்ளே அவள் மட்டும். கோட்டுக்குப் பன்னிரண்டு காலடி தூரத்துக்கு முன்னால் மிதித்தாள், முகத்தில் தெரிந்தது. வேன் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, அதே மெதுவான வேகத்தில் போய், ஃபுட்பால் கம்பத்தில் இடித்து நின்றது. அவளுக்கு அடியில்லை. பம்பர் மட்டும் நசுங்கியது.

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "அப்பா, பிரேக் பிடிக்கலீங்கப்பா" என்றாள்.

நஞ்சப்பனும் என்னைத்தான் பார்த்தார். பிரேக் என்றால் என்னைத்தானே பார்ப்பார்கள். அவளை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். மிதித்துப் பார்த்தேன். ஒரு சுற்று ஓட்டிவந்து கோட்டின் மேல் சரியாக நிறுத்தினேன். இறங்கி வந்து, "பிரேக்ல ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். பிரேக்கில் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று சொன்னால் பொய்.

நஞ்சப்பன் சாவியை வாங்கிக்கொண்டு, "காலு நல்லாகட்டும் அம்மிணி, பொறவு பார்க்கலாம். புள்ளைங்க உசுரு பாரு" என்றார். வீடு வரும் வரைக்கும் ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இருபது என்று இருந்தது.

"யாருங்கப்பா மாத்துனது?"

"நான்தான்."

"எப்ப இருந்து?"

எனக்கு எல்லாத் தேதியும் வாயில் இருந்தது. ஆனாலும் எழுத்தில் இருப்பது நல்லது என்று, கிலோவைக் குறைத்த அந்தப் பத்து நாளின் காலண்டர் தாளையும் எடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்தேன். மறைக்கவில்லை. ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். பத்தும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு நான் கம்பத்துல இடிச்சதையும் எழுதிட்டீங்களா?"

எழுதியிருந்தேன். ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது எழுதினேன். கோட்டைத் தாண்டிப் பதினொரு காலடி தூரம். அதையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கேட்டாளே என்றுதான் கொடுத்தேன் தம்பி.

"ஒரே ஒரு தடவை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். கத்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசின பேச்சு. மற்றதெல்லாம் பேச்சில்லை. சாப்பாடு இருக்கு. மழை வருது, துணியை எடுங்க. போன வாரம் முழுவதும் மொத்தம் நாற்பத்தொரு வார்த்தை. பொங்கலும் போய்விட்டது. வேனில் இப்போது வேறு ஒரு பெண்.

நான் என்ன கெடுதல் செய்தேன் என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். அவள் காலில் நான் கை வைக்கவில்லை. வண்டியைத்தான் தொட்டேன்.

ஏன் விற்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். டிசம்பரில் அவள் மறுபடியும் பிசியோவுக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கப்புறம் நான் காலையில் காய்கறிக்குப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு இதில் உட்காருகிறாள். நான் கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அணைத்துவிடுவாள். ஒரு நாள் அவள் வெளியே போனபோது பார்த்தேன். திரும்ப நாற்பதில் வைத்திருக்கிறாள். அவளேதான் வைத்திருக்கிறாள். அதிகபட்சம் எவ்வளவு கிலோ மிதித்தாள் என்று அந்தப் பக்கத்திலேயே தெரியும். இருபது இருந்தது. அப்புறம் இருபத்தொன்று. போன செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு. ஒன்றரை மாதத்தில் மூன்றே கிலோ. இந்த வேகத்தில் நாற்பது வர இன்னும் ஒன்பது மாதம் ஆகும். ஒன்பது மாதம் தம்பி! கதவைச் சாத்திக்கொண்டு, எத்தனை என்று கேட்க ஆளில்லாமல், அந்தக் கோடு பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா? அந்த வதையை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? சாமான் கண்ணில் படாமல் போனால் மனசு ஆறிவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் போனில் விளம்பரம் போடச் சொன்னேன். விலையில் நான் கறார் இல்லை. நீங்கள் சொன்னதே போதும்.

அவளுக்குத் தெரியுமா என்றா? எதற்கு? சொன்னால் வேண்டாம் என்பாள். இன்றைக்குப் பிசியோ நாள். பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் வருவாள். அதற்குள் ஏற்றிவிடலாம். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இதோ. நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் கழற்றுங்கள்.

ஏன் தம்பி? ஏன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? பிடிக்கவில்லையா? பெடலை மிதித்துப் பாருங்கள், ஒரு குறையும் இல்லை.

அவள் வருகிற வரைக்கும் இருக்கிறேன் என்கிறீர்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன் என்கிறீர்கள்.

இருங்கள், அதற்கென்ன, இருங்கள். ஆனால் அவள் வந்ததும் நீங்களே கேட்டுவிடுங்கள் தம்பி. எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டேன், தேதியோடு சொல்லிவிட்டேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவளிடம் ஆரம்பிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. வாணி என்று கூப்பிட்டுவிடுவேன். என்னங்கப்பா என்று திரும்பிப் பார்த்தால், அதற்கடுத்து என்ன சொல்ல வேண்டும்?